ஒரு பிற்பகல் கேட்பவர்களுக்கு

மூத்த குடிமக்களின் பராமரிப்புக்காக நாடாளுமன்றம் 2007இல் இயற்றிய சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் யார் என்று ஒரு வரையறை இருக்கிறது. மகன், மகளோடு பேரனையும் பேத்தியையும் அது சேர்த்துக்கொள்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களை மட்டும் விட்டுவிடுகிறது. கையிருப்பில் காலம் தள்ள முடியாத ஒரு பாட்டி, சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட பேரனிடம் மாதாமாதம் பணம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோட்டாட்சியர் விசாரித்து உத்தரவிடுவார். அதே பேரன் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, மகன் இறந்த கையோடு மருமகள் குழந்தையை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட, அவனைக் கண்ணால் பார்க்கக்கூட வழியில்லாமல் அந்தப் பாட்டி இருந்திருந்தால் அவர் போய் நிற்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. இருபது வருடம் கழித்துச் சோறு போடும் கடமையைச் சுமத்துகிற அளவுக்குச் சட்டத்தின் கண்ணில் அந்த உறவு கனமாக இருக்கிறது. இடைப்பட்ட இருபது வருடம் அந்த உறவு உயிரோடு இருந்ததா என்று மட்டும் அது கேட்பதில்லை. இந்த இடைவெளியைச் சட்டம் நிரப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் முதியவர்களின் ஏக்கத்தைத் தீர்ப்பதற்கென்று அந்தச் சட்டம் எழுதப்பட்டால் அது நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும் என்றும் நினைக்கிறேன். யாருடைய உரிமையாக அது எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்றைய நிலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். வெள்ளையர் ஆட்சியில் 1890இல் எழுதப்பட்ட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான் இன்னும் அடிப்படை. காப்பாளரை நியமிக்கும்போது குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளராக வர விரும்புபவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம், அவருக்கும் குழந்தைக்கும் இதுவரை இருந்த தொடர்பு இவற்றையெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. 1956இல் வந்த இந்து இளவர் காப்பாண்மைச் சட்டம் தந்தையையும் தாயையும் இயற்கைக் காப்பாளர்கள் ஆக்கி, குழந்தையின் நலனே தலையாயது என்று 13ஆம் பிரிவில் அழுத்திச் சொல்கிறது. தாத்தா பாட்டிக்கு அங்கே தனி இடம் இல்லை. இஸ்லாமியச் சட்ட மரபு இதில் முந்திக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். ஹனஃபி மரபில் சிறு குழந்தையை வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்குப் பின் தாயின் தாய்க்கும், அவருக்குப் பின் தந்தையின் தாய்க்கும் போகிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு விவாகரத்து வழக்கின்போது குழந்தையைப் பற்றி உத்தரவிட இடம் தருகிறது. ஆனால் அங்கே வாதியும் பிரதிவாதியும் கணவனும் மனைவியும்தான். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் ஒரு வாசகம் கவனிக்கத் தக்கது. சிறாரின் காப்பாண்மை, காவல் பற்றிய வழக்குகளோடு சிறாரை அணுகுவது பற்றிய வழக்கையும் குடும்ப நல நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அது சொல்கிறது. அணுகும் உரிமை யாருக்கு என்று அது சொல்லவில்லை. சில உயர் நீதிமன்றங்கள் குழந்தையின் நலன் என்ற பொதுக் கொள்கையைப் பற்றிக்கொண்டு தாத்தா பாட்டியைச் சந்திக்க அனுமதித்திருக்கின்றன. அது அந்தந்த நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. எழுதப்பட்ட உரிமையைப் போல வக்கீல் ஒருவர் நம்பி வழக்குப் போடக் கூடியதல்ல.

இதனால் நடப்பது என்னவென்றால், சிறிதாகக் கேட்க விரும்புகிறவர் பெரிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பேத்தியைப் பார்த்தால் போதும் என்றிருப்பவருக்கு முன்னால் இருக்கும் நன்கு தெரிந்த வழிகள் இரண்டு: தன்னையே காப்பாளராக நியமிக்கச் சொல்லும் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. முதல் வழியில் போனால், குழந்தையை வைத்திருக்கும் தாயோ தந்தையோ தகுதியற்றவர் என்று எழுதியாக வேண்டும். மருமகளின் வேலை நேரம், நட்பு, உடல்நலம், மறுமணப் பேச்சு எல்லாம் மனுவில் ஏறும். இரண்டாம் வழியில் போனால், பெற்ற தாயின் மடியில் இருக்கும் குழந்தை சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஒரு பிற்பகலைக் கேட்க வந்தவர் முழுக் குழந்தையையும் கேட்கிறவராக மாறிவிடுகிறார். எதிர்த்தரப்பு அதைப் படித்தபின், அதுவரை அரைமனத்தோடு திறந்து வைத்திருந்த கதவையும் சாத்திக்கொள்ளும். சாத்தியதைத் தவறென்று சொல்ல முடியாது. தன் பிள்ளையைப் பறிக்க வழக்குப் போட்டவரின் வீட்டுக்கு எந்தத் தாய் அனுப்புவாள்?

உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் இதையே காட்டுகின்றன. 2009இல் ஒரு வழக்கு: பிரசவத்தோடு தாயை இழந்து, பிறந்தது முதல் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த பெண்குழந்தையைத் தந்தை கேட்டார், பாட்டியிடமே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். 2022 ஜூனில் இன்னொன்று. கொரோனாவின் இரண்டாம் அலையில் ஒரு மாத இடைவெளியில் தாயையும் தந்தையையும் அகமதாபாதில் இழந்த ஐந்து வயதுச் சிறுவன். அரசு வேலையில் இருந்த, தாயின் சகோதரிக்குக் குஜராத் உயர் நீதிமன்றம் அவனைக் கொடுத்தது. தாத்தாவுக்கு 71 வயது, பாட்டிக்கு 63, ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வருமானமும் வயதும் மட்டும் அளவுகோல் ஆகாது, நம் சமூகத்தில் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளை அன்போடு பார்த்துக்கொள்வார்கள் என்று அது சொன்னபோது பலரும் மகிழ்ந்தார்கள். இவை இரண்டும் யாரிடம் குழந்தை இருப்பது என்ற வழக்குகள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சட்டம் இருந்தது, சொல்லவும் பட்டது. மூன்றாவது, 2025 ஜனவரியில் வந்தது. மகனைத் தற்கொலையில் பறிகொடுத்த ஒரு தாய், நான்கு வயதுப் பேரனைக் கேட்டு ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். குழந்தைக்கு இவர் ஏறத்தாழ அந்நியர் என்று விசாரணையின்போது நீதிமன்றம் சொன்னது. விரும்பினால் போய்ப் பார்க்கலாம், காவல் வேண்டுமென்றால் அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது என்ற பொருள்பட வாய்மொழியாகவும் சொன்னது. பிறகு குழந்தையிடம் காணொலியில் பேசிப் பார்த்து, தாயிடமே விட்டது. நான்கு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க மறுத்தது முற்றிலும் சரி. என்னை உறுத்துவது வேறு. ‘போய்ப் பார்க்கலாம்’ என்ற அந்த வாய்மொழிக்குப் பின்னால் எந்தப் பிரிவும் இல்லை. பார்க்க விடாதபோது அவர் எங்கே போவார்? அந்நியர் என்பதும் பாதி உண்மைதான். பெற்றோரின் பூசலில் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போன ஒருவர், பார்க்காத காரணத்தாலேயே அந்நியர் ஆகிறார். ஆனபின் அதுவே அவருக்கு எதிரான காரணம் ஆகிவிடுகிறது.

பேரக்குழந்தையை இழப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெற்றோர் இருவரும் சேர்ந்து வாழும் வீட்டில் தாத்தா பாட்டிக்குக் கதவு மூடுவது குறைவு. நடுவில் நிற்கும் ஒருவர் விழும்போதுதான் பாலம் அறுகிறது. மகன் இறந்தால் அப்பத்தாவும் தாத்தாவும் வெளியே நிற்கிறார்கள். மகள் இறந்தால், அதிலும் வரதட்சணைக் கொடுமையென்று வழக்கு நடக்கும் மரணமாக இருந்தால், அம்மாச்சி வெளியே நிற்கிறார். விவாகரத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளாத தரப்பின் பெற்றோர் வெளியே போகிறார்கள். இந்த மூன்று நிலையிலும் பெரியவர்களின் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அழுகிறார்கள், உறவினரிடம் சொல்கிறார்கள், வக்கீலிடம் போகிறார்கள். குழந்தையின் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பா செத்துப்போன அதே மாதத்தில் அப்பாவின் அம்மாவும், அப்பாவின் அண்ணன் பிள்ளைகளும், விடுமுறைக்குப் போகும் ஊரும், அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர்களும் அந்தக் குழந்தையின் வாழ்விலிருந்து போய்விடுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை முறையிடத் தெரியாது. ஏன் வருவதில்லை என்று இரண்டு மூன்று முறை கேட்கும், பிறகு விட்டுவிடும்.

பாட்டிமார்கள் குழந்தைகளுக்கு நல்லவர்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று வேண்டுவோர்க்கும் அது இருக்கிறது. காம்பியா நாட்டுக் கிராமங்களில் 1950 முதல் 1974 வரை திரட்டப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த ரெபெக்கா சியர், ரூத் மேஸ் முதலியோர், தாய்வழிப் பாட்டி உயிரோடிருந்த குழந்தைகளுக்கு ஊட்டம் மேலாகவும் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாகவும் இருந்ததைக் கண்டார்கள். தந்தை உயிரோடிருப்பதால் அத்தகைய வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தந்தைவழிப் பாட்டியாலும் தென்படவில்லை. இந்தச் சான்றை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டிகள் தாயோடு ஒத்து நின்று குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள். தாயின் விருப்பத்துக்கு மாறாக, உத்தரவு வாங்கி, வாரக் கடைசியில் வந்து அழைத்துப்போகும் பாட்டியைப் பற்றி அந்தப் பதிவுகள் ஒன்றும் சொல்லவில்லை. சமாதான காலத்து உறவின் பலனை வழக்குக் காலத்து உறவுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது நேர்மையாகாது. ஆகவே ‘தாத்தா பாட்டி நல்லவர்கள்’ என்ற பொது உண்மையின் மேல் சட்டத்தைக் கட்ட முடியாது. இந்தக் குழந்தைக்கு, இந்த மனிதரோடு, ஏற்கெனவே ஒரு பிணைப்பு இருந்ததா என்ற தனி உண்மையின் மேல்தான் கட்ட முடியும்.

அமெரிக்கா இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது. எழுபதுகள் முதல் ஒவ்வொரு மாநிலமாகத் தாத்தா பாட்டியின் சந்திப்புரிமைக்குச் சட்டம் போட்டு, நூற்றாண்டு முடிவதற்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது வந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் அதில் மிகவும் தாராளமானது: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று காட்டி உத்தரவு கேட்கலாம். 1993இல் மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு தம்பதி அந்தச் சட்டத்தின்கீழ் இரண்டு பேத்திகளைப் பார்க்க வழக்குத் தொடுத்தார்கள். மாதம் இரண்டு வாரக் கடைசிகள் இரவும் தங்க வேண்டும், கோடையில் இரண்டு வாரம் வேண்டும் என்றார்கள். தாய் சந்திப்பை மறுக்கவில்லை. மாதம் ஒரு நாள், இரவு தங்காமல், என்றார். இந்தச் சிறு வேறுபாட்டின்மேல் தொடங்கிய வழக்கு ‘ட்ராக்ஸெல் எதிர் கிரான்வில்’ என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2000 ஜூனில் தீர்ப்பானது. நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய கருத்துரை தாயின் பக்கம் நின்றது. தகுதியுள்ள பெற்றோர் தன் குழந்தைக்கு நல்லதையே செய்வார் என்று கருத வேண்டும். அவர் எடுத்த முடிவுக்குத் தனி எடை தராமல், தனக்கு எது நல்லதென்று தோன்றுகிறதோ அதை ஒரு நீதிபதி திணிக்க முடியாது என்பது அதன் சாரம். சந்திப்புச் சட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று அது சொல்லவில்லை. மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸின் கருத்தே எனக்கு முக்கியமாகப் படுகிறது: பெற்றோரின் உரிமை, அரசின் அதிகாரம் என்று இரண்டை மட்டும் வைத்து எடை போடும்போது, தான் நேசிக்கும் உறவுகளைக் காத்துக்கொள்வதில் குழந்தைக்கே உள்ள நலன் விடுபட்டுப்போகிறது என்றார். இந்த வழக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1993இல் தொடங்கியது 2000இல் முடிந்தது. பெரியவர்களுக்கு அது ஏழு ஆண்டு. வழக்குத் தொடங்கியபோது மழலை பேசிக்கொண்டிருந்த குழந்தைக்கு அது கிட்டத்தட்ட வாழ்நாள் முழுவதும்.

பிரான்ஸில் கதை வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. தந்தையின் அதிகாரம் அசைக்க முடியாததாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், 1857இலேயே, அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பேரக்குழந்தையைப் பார்க்கும் தாத்தா பாட்டியின் உரிமையை ஏற்றுக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் அது தீர்ப்புகளின் வழியாகவே நின்று, 1970இல் சட்டம் ஆனது: கடுமையான காரணம் இல்லாமல் பெற்றோர் அந்த உறவுக்குத் தடை போடக் கூடாது. உரிமை அப்போது பெரியவர்களுடையதாக இருந்தது. 2002இல் அந்தப் பிரிவைத் திருப்பி எழுதினார்கள். தன் முன்னோரோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு இருக்கிறது என்று இப்போது அது தொடங்குகிறது. குழந்தையின் நலன் ஒன்றுதான் அதற்குத் தடையாக முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் எழுவாய் மட்டும் மாறியிருக்கிறது. நடைமுறையில் விசாரணையின் திசையே மாறிவிட்டது. பழைய வாசகத்தின்கீழ் தாயும் பாட்டியும் எதிரெதிரே நிற்க, யார் பக்கம் நியாயம் என்று நீதிமன்றம் பார்க்கும். புதிய வாசகத்தின்கீழ் இருவருமே குழந்தையின் உரிமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். தாய் ஏன் மறைக்கிறாய் என்ற கேள்விக்கு, பாட்டி ஏன் மாமியார் சண்டையைக் குழந்தையின் காதில் போடுகிறாய் என்ற கேள்விக்கு.

ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் 1998 முதல் தாத்தா பாட்டிக்குச் சந்திப்புரிமை தந்தாலும், அந்தச் சந்திப்பு குழந்தையின் நலனுக்கு உதவ வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. பெற்றோரின் வளர்ப்புரிமையை மதிக்காமல், குழந்தையை இருபக்கமும் இழுபடச் செய்கிற தாத்தா பாட்டிக்கு அந்தச் சந்திப்பு மறுக்கப்படலாம் என்று அந்நாட்டு மத்திய உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1979இலேயே, குடும்ப வாழ்க்கை என்பதில் தாத்தா பாட்டி உறவும் அடங்கும் என்று கூறிவிட்டது. 2015இல் இத்தாலிக்கு எதிரான ஒரு வழக்கில், பேத்தியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்க முடியாதிருந்த தாத்தா பாட்டிக்கு அரசு உரிய நேரத்தில் உதவவில்லை என்று தீர்ப்பளித்தது. அவர்களுடைய மகன்மீது எழுந்த குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்ட பின்னும் சந்திப்பு நடக்கவில்லை. உள்நாட்டு நீதிமன்றம் அனுமதித்தும் நடக்கவில்லை. உத்தரவு ஒன்று, அது நடப்பது ஒன்று என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் மிக வலுவானது, இளம் விதவைகளின் பக்கத்திலிருந்து வருவது. கணவன் இறந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டிலிருந்து வெளியேறுவதே பல நேரம் விடுதலை. பேரனைப் பார்க்க வருகிறோம் என்ற உரிமையோடு மாமனார் மாமியார் மாதாமாதம் அந்த வீட்டு வாசலுக்கு வந்தால், அவள் என்ன உடுத்துகிறாள், யாரோடு பேசுகிறாள், மறுமணம் செய்யப்போகிறாளா என்று கண்காணிக்கச் சட்டமே அனுமதிச்சீட்டு கொடுத்ததாகிவிடும். இது கற்பனை பயம் அல்ல. இதில் சொத்தும் கலந்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவனுடைய தாயும் முதல்வகுப்பு வாரிசு. வாரிசுச் சான்றிதழில் மாமியாரும் மருமகளும் ஒரே தாளில் பெயராக நிற்கிறார்கள். வீட்டுப் பங்கு, காப்பீட்டுத் தொகை, கருணை அடிப்படையில் கிடைக்கும் வேலை என்று ஒவ்வொன்றிலும் உரசல் வருகிறது. குழந்தை அந்த உரசலில் பிணையாகிறது. ‘பங்கை எழுதிக் கொடு, பிள்ளையைக் காட்டுகிறேன்’ என்பது ஒரு பக்கம், ‘பிள்ளையைக் காட்டு, பங்கைத் தருகிறேன்’ என்பது மறுபக்கம். இந்த எதிர்வாதத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டே என் நிலையைச் சொல்கிறேன். இப்போதிருக்கும் சட்டமின்மை அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. மாமனார் மாமியாருக்கு வசதியும் பிடிவாதமும் இருந்தால், காவல் கேட்டு வழக்குப் போட்டு, அவளுடைய நடத்தையையே நீதிமன்றத்தில் இழுத்து அலசுகிறார்கள். சந்திப்பு என்ற தனிப் பிரிவு இருந்து, அதில் தாயின் தகுதி விசாரணைக்கு உரியதே அல்ல, மறுமணம் ஒரு காரணமாகாது, சந்திப்பு அவள் வீட்டில் நடக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தால், அவளுக்கு இன்றைவிடக் கூடுதல் பாதுகாப்பு. சந்திப்புக் கேட்பவர் சொத்து வழக்கை அதோடு சேர்த்துப் பேரம் பேசினால் மனு அத்தோடு தள்ளுபடி ஆக வேண்டும். சிறிய உரிமையைச் சிறியதாகவே வைத்திருக்கத் தெரிந்த சட்டம், பெரிய வழக்குக்குப் போகும் காரணத்தை எடுத்துவிடுகிறது.

அடுத்தது சாதி. தமிழ்நாட்டில் இதைப் பேசாமல் குடும்பச் சட்டத்தைப் பேச முடியாது. சாதி மறுத்து மணந்தவர்களைக் கொன்ற பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். கொல்லாமல் பல ஆண்டு மிரட்டியவர்கள் இன்னும் அதிகம். அவர்களுக்குப் பேரக்குழந்தை பிறந்ததும் மனம் மாறிவிட்டது என்று சொல்லப்படும்போது, நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்த இளம் தம்பதிக்கு மட்டுமே உரியது. அதனால்தான் பெற்றோர் இருவரும் உயிரோடு, ஒன்றாக, ஒரே கருத்தோடு ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறேன். பிரான்ஸ் இதற்கும் இடம் கொடுக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குழந்தையைத் தாத்தா பாட்டியே பல ஆண்டு தம்மிடம் வைத்து வளர்த்திருந்தால் மட்டும் விலக்குத் தரலாம். தாயோ தந்தையோ கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தினருக்கும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின்கீழ் புகார் நிலுவையில் இருப்பவருக்கும் வாசலே இருக்கக் கூடாது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் உறவினரும் உண்டு என்பதை இந்தச் சட்டத்தை எழுதுபவர் ஒரு நிமிடமும் மறக்கலாகாது.

நீதிமன்றம் அன்பை உத்தரவிட முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. ஆனால் தந்தைக்குச் சந்திப்புரிமை வழங்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கேயும் அன்பு உத்தரவின் பேரில் வருவதில்லை, சந்திக்க ஒரு நேரமும் இடமும்தான் உத்தரவாகிறது. நீதிமன்ற வளாகத்தில், பொம்மைகள் போட்ட ஓர் அறையில், சனிக்கிழமை கூட்டத்தில் நடக்கும் சந்திப்பு ஒரு குழந்தைக்கு எவ்வளவு நல்லது என்ற கவலை எனக்கும் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுக்கும் நாட்டில் இன்னொரு வகை வழக்கைத் திறந்துவிடலாமா என்ற கவலையும் நியாயமானது. அதற்கு விடை, வழக்குக்கு முன்னால் சமரசத்தைக் கட்டாயமாக்குவதில் இருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இரண்டு மூன்று அமர்வில் முடியக்கூடிய பூசல்கள் இவை. பல வீடுகளில் முதல் சந்திப்புக்கு நடுநிலையான ஓர் ஆள் உடனிருந்தால் போதும். ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போன குடும்பங்களுக்குக் காணொலி அழைப்பையும் தொடர்புரிமையாகக் கருத வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் பெற்றோர் விஷயத்தில் சொல்லியிருக்கிறது. டொராண்டோவில் வளரும் பேத்தியை யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கிற பாட்டிக்கு வாரம் ஒரு அழைப்பு என்பதே பெரும் பாதி. அந்தப் பேத்தி வாழும் ஒண்டாரியோவின் சட்டத்தில் 2016இல் தாத்தா பாட்டி என்ற சொல்லையே வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அங்குள்ள நீதிமன்றங்கள் மூன்று கேள்வி கேட்கின்றன: நல்ல உறவு ஏற்கெனவே இருந்ததா, பெற்றோரின் முடிவால் அது அழியும் நிலையில் இருக்கிறதா, அந்த முடிவு காரணமில்லாமல் எடுக்கப்பட்டதா. மூன்றுக்கும் ஆம் என்றால்தான் நீதிமன்றம் உள்ளே வரும். இதைவிடச் சுருக்கமான, நேர்மையான வடிகட்டியை நான் வேறெங்கும் காணவில்லை.

இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தந்த தனது 257ஆம் அறிக்கையில் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. பெற்றோர் இருவருக்கும் கூட்டுக் காவல் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. குழந்தை தாத்தா பாட்டியோடு கழிக்கும் நேரத்தைப் பற்றியும் பேசியது. அது சட்டம் ஆகவில்லை. அந்தத் திருத்தம் மறுபடி கையில் எடுக்கப்படும் நாளில் சேர்க்க வேண்டிய பிரிவு நீளமானதாக இருக்கத் தேவையில்லை. பெற்றோரில் ஒருவர் இறந்தோ, சிறையிலோ, பிரிந்தோ இருக்கும் குழந்தை, தனக்கு ஏற்கெனவே நெருக்கமாக இருந்த தாத்தா பாட்டியோடு தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை உடையது என்று அது தொடங்கலாம். விவாகரத்தில், தந்தைக்கோ தாய்க்கோ ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் அவர்களுடைய பெற்றோரையும் சேர்த்துக்கொள்வதே போதும். தனி உத்தரவு வேண்டியது நடுவில் இருந்தவர் இல்லாமல் போன வீடுகளில்தான். மனுவை ஆறு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். அதுவரை இடைக்காலச் சந்திப்பு நடக்கட்டும். இறந்தவரின் கைக்குழந்தையைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போன தாத்தா பாட்டிக்கு மட்டும், பிணைப்பு ஏற்கெனவே இருந்ததா என்ற கேள்வியைத் தளர்த்தலாம், அவர்கள் அந்நியர் ஆனது அவர்களுடைய குற்றம் இல்லை என்பதால். தாய் வேலைக்காக ஊர் மாறினால் உத்தரவு அவளைத் தடுக்கக் கூடாது, உத்தரவுதான் மாற வேண்டும். உரிமை குழந்தையுடையது என்று நாம் மெய்யாகவே சொல்வதானால் அதை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் குழந்தையுடையதே. பதிமூன்று வயதில் அந்தப் பேத்தி, நீதிபதியோடு தனியாகப் பேசும்போது, இனிப் போக விருப்பமில்லை என்றால், அப்படிச் சொல்ல யாரும் பழக்கிவிடவில்லை என்று அவருக்குத் தெளிவானால், உத்தரவு அன்றோடு முடிய வேண்டும். எவ்வளவு ஆசையோடு காத்திருந்தாலும், அவளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கப் பாட்டிக்கு உரிமை இல்லை.